சென்னையில் உண்மையான செட்டிநாட்டுச் சாப்பாடு எந்த ஹோட்டலில் கிடைக்கும்?

ஒரு வாரம் சென்னையில் தங்கப் போகிறீர்கள். செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்கு ராயப்பேட்டையா, தி.நகரா என்று நண்பர்களுக்குள் சண்டை. அதில் ஒருவர், "கண்ணில் தண்ணீர் வர வேண்டும், அதுதான் ஒரிஜினல்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர்க்காரன். சென்னையில் 6 வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் செட்டியார் வீட்டுப் பிள்ளை இல்லை. "அப்புறம் உனக்கென்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்கு: என் அம்மா 20 வருடத்துக்கு மேல் அந்த வீடுகளின் கல்யாண வேலைக்குப் போனவர். சமைப்பவர் இல்லை. வெங்காயம் உரிப்பவர்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பக்கத்து இரண்டாவது பகுதி) சாக்கை விரித்துச் சின்ன வெங்காயத்தைக் கொட்டுவார்கள். கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் இளகும். நாலு பேர் உட்கார்ந்தால் 20 கிலோவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் வீட்டு ஆச்சி இரண்டு தடவையாவது வந்து, ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் அம்மாவின் வலது கட்டைவிரல் நகத்தடி கறுத்திருக்கும். பள்ளிக்கூடம் போக எனக்குத் தலை சீவி விடுவார். அன்றைக்கு முழுக்க என் தலையிலும் அந்த வாசம் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், செட்டிநாட்டுச் சமையலைக் காரம் என்று சொல்பவர்கள் யாரும் அந்த வெங்காயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பக்கத்தில் மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சின்ன வெங்காயம் எண்ணெயில் நிதானமாக வதங்கி, பாதி கரைந்து பாதி முழுசாக நிற்கும்போது ஒரு தித்திப்பு வரும் பாருங்கள், அதுதான் அத்தனை மிளகாயையும் தாங்கிப் பிடிக்கும். காரம் நாக்கில் ஏறும், உடனே இறங்கியும் விடும். பெரிய ஹோட்டலில் அவ்வளவு வெங்காயம் உரிக்க ஆளுக்கு எங்கே போவது? பல்லாரியை வெட்டிப் போடுகிறார்கள் (பெரிய வெங்காயத்தைத்தான் பல்லாரி என்போம்). அது தண்ணீர் விடும். தண்ணீரை மறைக்கத் தக்காளி, தக்காளியின் புளிப்பை மறைக்க மசாலாத் தூள், அதற்கு மேல் கலர். உங்கள் நண்பருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது இதனால்தான்.

பல்லாரி போட்டால் சாப்பாடே இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள். எங்கள் வீட்டிலும் அவசரத்துக்கு அதுதான். அதைப் போட்டுவிட்டு எங்கள் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதுவதுதான் எனக்கு ஆறவில்லை.

2017-இல் அம்மா சென்னைக்கு வந்தார். என் கையால் ஒரு நல்ல ஹோட்டல் சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று ஆசை. பெயரிலேயே செட்டிநாடு இருக்கும் ஒரு பெரிய ஏசி ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன், எந்த ஹோட்டல் என்று கேட்காதீர்கள். உள்ளே மரத்தூண், சுவரில் பழைய வீட்டுப் படங்கள், தரையில் பூப்போட்ட கல். "நம்ம ஆத்தங்குடிக் கல்லு மாதிரியே இருக்கே" என்று அம்மா செருப்பை வாசலிலேயே கழற்றப் போனார். சிக்கன் செட்டிநாடு வந்தது. நல்ல சிவப்பு. அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். அப்புறம் குழம்பை ஆள்காட்டி விரலால் இலையில் மெல்ல இழுத்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை, வெறும் கூழ்.

"பல்லாரிடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பரிமாறுகிற தம்பி வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டான். "வேணாம்ப்பா, ரசம் இருந்தா ஊத்து" என்றார். ரசத்தையும் மோரையும் வைத்தே சாப்பாட்டை முடித்துக்கொண்டார். பில் 1,140 ரூபாய். வெளியே வந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, "உள்ள இருக்கிறவங்களுக்கு நேரம் குடுக்கணும்ல" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவை ஏன் ஹோட்டலுக்குக் கூட்டிப்போக வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த 6 வருடத்தில் 4 வீடு மாறினேன். வீடு பார்க்கப் போன் செய்தால் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேட்பார்கள். கடைசி வீட்டுக்காரர், வெளியே எதையும் சாப்பிட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குள் சமைக்கக் கூடாது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார். அம்மா ஊரிலிருந்து கருவாடு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போனார். மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறவன் தன் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட முடியாத ஊரில், ஹோட்டல்களுக்கு மட்டும் எத்தனை ஸ்டார் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இது என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ராயப்பேட்டைக் கட்சிக்கு என் ஓட்டு. பொன்னுசாமி 1954-இலும் அஞ்சப்பர் 1964-இலும் அங்கேதான் ஆரம்பித்தன. இரண்டிலும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் கிளைக்குக் கிளை கை மாறும், அதனால் பெயரை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். மதியம் போங்கள், இலைச் சாப்பாட்டு நேரத்தில்தான் குழம்பு புதுசாக இருக்கும். எந்த ஹோட்டலானாலும் உட்கார்ந்ததும் உப்புக்கறி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, விதை தட்டிய வரமிளகாய், மஞ்சள், உப்பு, எண்ணெய், இவ்வளவுதான் அதில் உண்டு. மசாலாத் தூள் கிடையாது, அதனால் எதையும் மறைக்க முடியாது. இருந்தால் அரை பிளேட் வாங்கி, வெங்காயம் இதழ் இதழாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மற்றதை நம்பி ஆர்டர் செய்யலாம். "அது இல்லை சார், சிக்கன் செட்டிநாடு இருக்கு" என்றால் ரசத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

உங்களோடு வருகிறவர் சைவம் என்றால் வெண்டைக்காய் மண்டி கேட்கச் சொல்லுங்கள், அரிசி களைந்த தண்ணீரில் வைப்பது. வெள்ளைப் பணியாரமும் கேட்கலாம். குழிப்பணியாரம் எங்கும் கிடைக்கும். இது எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிப் பொரிப்பது. பச்சரிசியை அளந்து, அதே படியின் தலையில் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து, அதுதான் கணக்கு. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்.

அம்மாவுக்குச் சென்னையில் மனசுக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம்தான், அது செட்டிநாடே இல்லை. திருவல்லிக்கேணி ரத்னா கபே. இட்லி மூழ்குகிற அளவுக்குச் சாம்பார் ஊற்றியதைப் பார்த்து, "கேக்காமலே ஊத்துறாங்கடா" என்று சந்தோஷப்பட்டார். ஊருக்குப் பல்லவன் ரயில் ஏறுகிறவரை அதையேதான் பேசிக்கொண்டு வந்தார்.

எந்தக் கடையிலாவது உப்புக்கறி கிடைத்தால், வெங்காயம் எப்படி இருந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள். அம்மாவிடம் படித்துக் காட்ட வேண்டும்.