இரண்டு வாக்கியத்துக்குள் ஒரு மாயக்கதை: கேள்வி பதில்

சிறுவர்களுக்கான மாயப்புனைவுத் திரைப்படம் ஒன்றுக்கு லொக்லைன் (கதையின் சாரத்தை ஒன்றிரண்டு வாக்கியங்களில் சொல்வது) எழுதுவது எப்படி என்பது பற்றி, வெள்ளவத்தையில் நடைபெற்ற எமது திரைக்கதைக் கூடலுக்கு எழுத்தில் வந்த கேள்விகளும், அவற்றுக்கு நான் அளித்த பதில்களும் இவை.

கொட்டாஞ்சேனையிலிருந்து: சென்னைத் திரைத்துறையினர் 'ஒன்லைன்' என்பதும் லொக்லைனும் ஒன்றா? சுவரொட்டியில் அச்சிடும் வாசகமும் இதுதானா?

பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் காட்சிகளை வரிசைப்படுத்திய பட்டியலையும் அங்கே ஒன்லைன் என்பார்கள் என்பதால், யாராவது கேட்டால் எதைக் கேட்கிறார் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சுவரொட்டி வாசகம் பார்வையாளரை அரங்கத்துக்கு அழைப்பதற்கானது. அதில் கதை இருக்க வேண்டியதில்லை. லொக்லைனோ, யார், எதை வேண்டி, எதை எதிர்த்து, எதை இழக்கும் ஆபத்தோடு போராடுகிறார் என்பதைத் தயாரிப்பாளருக்கு ஒன்றிரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து: என் லொக்லைன் இது: 'மாயமும் மர்மமும் நிறைந்த உலகத்துக்குள் நுழையும் ஒரு சிறுமி, அன்பின் வலிமையை உணர்ந்துகொள்ளும் உணர்ச்சிகரமான பயணம்.' வாசித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எவரும் கதையைக் கேட்கவில்லை. என்ன குறை?

இந்த வாக்கியம் நூறு படங்களுக்குப் பொருந்தும் என்பதுதான் குறை. நீங்கள் இணைத்து அனுப்பிய மூன்று பக்கக் கதைச்சுருக்கத்தை வாசித்த பிறகு எனக்குச் சற்றுக் கோபமே வந்தது, ஏனெனில் உங்களிடம் மிக நல்ல கதை ஒன்று இருக்கிறது, அதை நீங்களே மறைத்துவைத்திருக்கிறீர்கள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. மகள் கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தின் பழைய விளக்கை ஏற்றுகிறாள். ஏற்றும் ஒவ்வோர் இரவும் அவளுக்கு ஒரு வயது குறைகிறது. இந்தக் கடைசி விடயத்தை மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை முன்னுக்குக் கொண்டுவந்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

'கடலில் காணாமற்போன தகப்பனைக் கரைசேர்க்க, கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்தின் அணைந்த விளக்கைப் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவுதோறும் ஏற்றுகிறாள். விளக்கு எரியும் ஒவ்வோர் இரவும் அவளுக்கு ஒரு வயது குறைவதால், படியேறும் பலம் இருக்கும்போதே கப்பல் வந்தாக வேண்டும்.'

சிறுமியின் ஆசையும் மாயத்தின் விலையும் ஒரே செயலில் பிணைந்திருப்பதைக் கவனியுங்கள். விளக்கை ஏற்றாவிட்டால் தகப்பன் இல்லை, ஏற்றினால் அவள் தேய்கிறாள். பத்து இரவுகள்தான் இருக்கின்றன என்ற கணக்கையும் கேட்பவர் தாமாகவே போட்டுக்கொள்வார். மாயம் வெறும் அழகுக்காக நிற்கும் கதைகளில் இந்தப் பிணைப்பு இருப்பதில்லை, அதனால்தான் அவற்றின் லொக்லைன்களில் 'பயணம்', 'உணர்ச்சிகரம்' போன்ற சொற்கள் வந்து இடத்தை நிரப்புகின்றன. அந்தக் கோபுரம் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது என்பதும், சுற்றியெழுந்த கட்டடங்கள் ஒளியை மறைத்ததால் 1952இல் அதன் பணி முடிந்தது என்பதும் லொக்லைனுக்குள் வரத் தேவையில்லை. ஆனால் அன்று ஒளியை மறைத்த கட்டடங்கள் இன்று இன்னும் உயர்ந்து நிற்கின்றனவே, சிறுமியின் விளக்கு கப்பலுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்குத் திரைக்கதையில் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: என் கதையில் ஏழு இராச்சியங்களும் மூன்று இனத்தவரும் ஒரு தீர்க்கதரிசனமும் உள்ளன. எதை விடுவது?

எல்லாவற்றையும் விடுங்கள். பிள்ளையைப் பாதிக்கும் ஒரேயொரு மாயவிதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் புனைந்த பெயர்கள் கேட்பவருக்கு வெறும் ஒலிகளே.

தெமட்டகொடையிலிருந்து: கதாநாயகனின் பெயரைச் சேர்க்கலாமா? 'துணிச்சலான சிறுவன்' என்று எழுதினால் போதுமா?

பெயர் வேண்டாம், வெறும் பெயரால் எவருக்கும் எதுவும் விளங்காது. 'துணிச்சலான' என்பதும் பயனற்றது, ஏனெனில் துணிந்தவனுக்கு அரக்கனைச் சந்திப்பது பெரிய காரியமல்ல. கதை எந்த இடத்தில் அவனைக் குத்தப்போகிறதோ அந்த இடத்தைக் காட்டும் அடைமொழியைத் தேடுங்கள்: பொய் சொல்லிப் பழகியவன், உயரத்துக்கு அஞ்சுபவன், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு வீடே தயாராகும்போது தான் மட்டும் தயாராகாதவன். இந்த மூன்றாமவனை எமது வீடுகளில் அறிமுகப்படுத்தவே தேவையில்லை. (வயது குறையும் சிறுமியின் கதையைக் கேட்ட என் பெறாமகள், 'அப்ப அவள் ஸ்கொலர்ஷிப் எழுதத் தேவையில்லை' என்று பொறாமையோடு சொன்னாள்.)

தெஹிவளையிலிருந்து: ஐயா, எனக்கு வாய்த்த தயாரிப்பாளர் சிங்களவர், அவருடைய பங்காளி ஆங்கிலத்தில்தான் வாசிப்பார். தமிழில் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா?

சிங்களத்திலும் வினை கடைசியில் வருவதால் உங்கள் வாக்கியம் பெரிய சேதமில்லாமல் அங்கே போய்ச் சேரும். ஆங்கிலத்தில் யார் என்ன செய்கிறார் என்பது முன்னதாகவே வந்துவிட வேண்டும் என்பதால், அதைப் புதிதாகவே எழுதுங்கள். அங்கே 25 முதல் 35 சொற்கள் வரை செல்லும் லொக்லைன், வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் அதைவிடக் குறைந்த சொற்களில் அடங்கும். ஆனால் எமக்கு வேறொரு சோதனை உண்டு: 'காட்டில் தொலைந்த, பறவைகளோடு பேசத் தெரிந்த, தாயைத் தேடும்' என்று பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், சிறுவன் வந்து சேர்வதற்குள் கேட்பவர் களைத்துவிடுவார். ஒரு பெயருக்கு இரண்டு எச்சங்களுக்கு மேல் வந்தால் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள். சொல்விளையாட்டை நம்பியிருக்கும் லொக்லைன் மூன்று மொழிகளிலும் பிழைக்காது.

வத்தளையிலிருந்து: முடிவைச் சொல்லிவிடலாமா? மேலும், இதைத் திரைக்கதைக்கு முன்பு எழுதுவதா, பின்பு எழுதுவதா?

முடிவு கதைச்சுருக்கத்துக்கு உரியது; லொக்லைனில் ஆபத்து மட்டும் தெரிந்தால் போதும். முன்பும் எழுதுங்கள், பின்பும் எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால் எது நல்ல கதை என்று பாருங்கள். எனக்கு இருமுறை முதலாவதுதான் நல்லதாக இருந்தது, இரண்டு முறையும் திரைக்கதையைத் திரும்ப எழுதினேன்.