ஃப்ரீமேசன் லாட்ஜும் கிறிஸ்தவனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு நெருக்கமான மூத்த நண்பர் ஒருவர் ஃப்ரீமேசன், அதாவது ரகசியச் சடங்குகள் கொண்ட ஒரு பழைய சகோதர அமைப்பின் உறுப்பினர். மூன்று வருடமாக என்னையும் சேரச் சொல்கிறார். நல்ல மனிதர், ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர். “இது மதம் இல்லை. கடவுள் நம்பிக்கை இருந்தால் போதும். வேதாகமம் எங்கள் நடுவில் திறந்தே இருக்கும்” என்கிறார். நான் கத்தோலிக்கன், மனைவி புராட்டஸ்டண்ட். அவள் காணொளிகளைக் காட்டி, அங்கே லூசிஃபரை வணங்குகிறார்கள் என்று பயப்படுகிறாள். பங்குத்தந்தையைக் கேட்டேன். புதிய திருச்சபைச் சட்டத்தில் ஃப்ரீமேசன் என்ற சொல்லே இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். கிறிஸ்தவனாக இருந்துகொண்டே சேரலாமா? சேர்ந்தபின் மனது ஒப்பாவிட்டால் வெளியே வர முடியுமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

முதலில் காணொளிகளை ஒதுக்கிவிடுவோம். லூசிஃபர் கதையின் பெரும்பகுதி ஒரே மனிதரின் கைவேலை. லியோ தாக்சில் என்ற பிரெஞ்சுக்காரர் 1885-ல் மனம் திரும்பிவிட்டதாக அறிவித்தார். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள், ஃப்ரீமேசன்கள் சாத்தானை வழிபடுவதாகப் புத்தகம் புத்தகமாக எழுதி விற்றார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் கூட்டி, அத்தனையும் நானே கட்டியது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அமெரிக்க ஃப்ரீமேசன் தலைவர் ஆல்பர்ட் பைக் சொன்னதாக இன்றும் சுற்றும் ‘லூசிஃபரே கடவுள்’ என்ற மேற்கோள் அந்தப் புரளி உச்சத்தில் இருந்தபோது அச்சேறியது. பைக் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். இதை வைத்து உங்கள் நண்பரோடு வாதாடினால் முதல் நிமிடத்திலேயே தோற்பீர்கள். தோற்கவும் வேண்டும்.

பங்குத்தந்தை சொன்னது பாதி சரி. 1917-ன் சட்டத்தொகுப்பு 2335-ஆம் விதியில் ஃப்ரீமேசன்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சேர்ந்த கணமே திருச்சபை விலக்கு என்றது. 1983-ன் தொகுப்பில் 1374-ஆம் விதி ‘திருச்சபைக்கு எதிராகச் சதி செய்யும் அமைப்பு’ என்று பொதுவாக நிறுத்திக்கொண்டது. அந்தத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாள் 1983 நவம்பர் 27. அதற்கு முந்தைய நாளே ரோமில் கோட்பாடுகளைக் கவனிக்கும் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட்) கையெழுத்துடன் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பெயர் விடுபட்டது தொகுப்பு முறையால் மட்டுமே, தீர்ப்பு மாறவில்லை, சேர்ந்தவர்கள் கனமான பாவ நிலையில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கக் கூடாது, உள்ளூர்த் திருச்சபை அதிகாரிகள் இதைத் தளர்த்தித் தீர்ப்புச் சொல்ல முடியாது. கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். உங்கள் பங்குத்தந்தை மட்டுமல்ல, ஆயர் அனுமதித்தாலும் செல்லாது. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவர் கேட்டதற்கும் ரோம் இதையேதான் திரும்பச் சொன்னது.

அப்படியானால் ‘இப்போது அனுமதி உண்டு’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1974-ல் ரோமிலிருந்து போன ஒரு கடிதம், திருச்சபையை எதிர்க்காத லாட்ஜுகளில் சேர்வது தண்டனைக்குரியதல்ல என்று படிக்க இடம் கொடுத்தது. 1981-ல் அதற்கு விளக்கம் வந்து கதவு சாத்தப்பட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் சேர்ந்தவர்களும், அந்த நாட்களின் நினைவும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. (லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதி நினைவுக்கு வருகிறவர்களுக்கு: ஃப்ரீமேசன்கள் கூடும் சபைக்கும், கூடும் இடத்துக்கும் அதே பெயர்தான்.)

ஆகவே கத்தோலிக்கரான உங்களுக்குச் சட்டப்படியான பதில் ‘கூடாது’. காரணம் தெரியாமல் கீழ்ப்படிவது உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். உங்கள் மனைவியின் சபைக்கும் காரணம்தான் முக்கியம், ஏனென்றால் அங்கே ரோமின் சட்டம் செல்லாது.

காரணத்தை அறிய, உறுப்பினராகும் முதல் படியின் சடங்கைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆங்கிலேய முறையில் இப்படி நடக்கும். சேர வருபவரிடமிருந்து காசு, மோதிரம் என எல்லா உலோகங்களையும் வாங்கி வைத்துவிடுவார்கள். வலக்கை, இடது மார்பு, இடது முழங்கால் வெளியே தெரியும். ஒரு காலில் காலணிக்குப் பதில் செருப்பு. கழுத்தில் சுருக்குக் கயிறு, கண்களில் கட்டு. ‘இருளில் இருக்கும் ஓர் ஏழை’ என்று அவரை அறிமுகப்படுத்துவார்கள். இடது முழங்காலில் மண்டியிட்டு, வலக்கையை வேதப் புத்தகத்தின் மேல் வைத்து, இடக்கையில் பிடித்த கவராயத்தின் முனையைத் திறந்த மார்பில் பதித்து ஆணையிடுவார். பிறகு, ‘உன் உள்ளத்தின் தலையாய விருப்பம் என்ன?’ என்று கேள்வி. பக்கத்தில் நிற்பவர் சொல்லிக்கொடுக்க, ‘ஒளி’ என்பார். கண்கட்டு அவிழும்.

சிக்கல் இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன், என்னைப் பின்பற்றுகிறவன் இருளிலே நடவாமல் ஜீவஒளியை அடைந்திருப்பான்” என்ற இயேசுவின் வாக்கை ஞானஸ்நானத்தில் ஏற்றுக்கொண்டவர் நீங்கள். இங்கே, நான் இன்னும் இருளில் இருக்கிறேன், ஒளியைக் கேட்கிறேன் என்று உங்கள் வாயால் சொல்கிறீர்கள். ‘அது அறிவொளி, உருவகம்தானே’ என்பார் நண்பர். உருவகம்தான். ஆனால் வேதாகமத்தில் கைவைத்துப் பேசும்போது அந்தச் சொல்லுக்கு அந்தப் புத்தகம் கொடுத்த பொருளைக் கழற்றி வைத்துவிட முடியாது.

இரண்டாவது, ஆணை. இன்னும் உங்களுக்குச் சொல்லப்படாத ரகசியங்களைக் காப்பேன் என்று முன்கூட்டியே சத்தியம் செய்கிறீர்கள். சமயக் கடமைக்கு விரோதமாக இதில் ஒன்றும் இல்லை என்று உறுதி தருவார்கள், உண்மைதான். ஆனால் அந்த உறுதியை உங்கள் விசுவாசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதிகாரமில்லாத ஒருவர் தருகிறார். கழுத்தை அறுப்பது, நாக்கைப் பிடுங்குவது போன்ற பழைய தண்டனை வாசகங்களை இங்கிலாந்து 1986-ல் ஆணையிலிருந்து நீக்கிவிட்டது. நீக்கியது நல்லதுதான், ஆனால் என் ஆட்சேபம் அதன் மேல் நிற்கவில்லை. “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்ற மத்தேயு 5:37-ஐ நீதிமன்ற சாட்சிக்குப் பொருத்தாத சபைகள் பல உண்டு. நீதிமன்றத்தில் எதற்காகச் சத்தியம் என்பது தெரியும். இங்கே தெரியாது.

மூன்றாவது, சொல்லப்படாத ஒரு பெயர். எல்லா மதத்தினரும் கூடும் இடம் என்பதால் ஜெபங்கள் ‘பிரபஞ்சத்தின் மகா சிற்பி’யை நோக்கிப் போகும், இயேசுவின் பெயரைச் சொல்லி நிறைவடையாது. இது தற்செயல் இல்லை. 1723-ல் வெளிவந்த முதல் விதிநூலே, எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதம் போதும், தனிக்கருத்துகளை அவரவரே வைத்துக்கொள்ளட்டும் என்கிறது. அதைத் தொகுத்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர்! 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கையேடு ஒன்று 1 பேதுரு 2:5-ஐ எடுத்தாளும்போது ‘இயேசுகிறிஸ்துமூலமாய்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, இவை சிறிய, ஆனால் அவசியமான மாற்றங்கள் என்று அடிக்குறிப்பும் போட்டது. விதிநூல் கேட்பதை அந்த அடிக்குறிப்பு ஒளிக்காமல் செய்துகாட்டியது, அவ்வளவுதான்.

எதிர்த்தரப்பில் சொல்ல நியாயமான விஷயம் உண்டு. கால்பந்துக் கழகத்திலும் யாரும் இயேசுவின் பெயரால் ஜெபிப்பதில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கேன்டர்பரிப் பேராயராக 1945 முதல் 1961 வரை இருந்த ஜெஃப்ரி ஃபிஷரே ஃப்ரீமேசன். இங்கிலாந்தின் பெரிய லாட்ஜ் (அங்குள்ள லாட்ஜுகளின் தலைமை அமைப்பு), எங்களுக்கென்று இறையியல் இல்லை, அருளடையாளங்கள் இல்லை, மீட்புக்கு வழிகாட்டுவதாகச் சொல்வதும் இல்லை என்று எழுத்தில் தந்திருக்கிறது. இதை நான் நேர்மையான கூற்றாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கால்பந்துக் கழகம் உங்களை மண்டியிடச் செய்து ஒளி கொடுப்பதில்லை. அமெரிக்க முறையில் வெள்ளை ஆட்டுக்குட்டித்தோல் ஏப்ரனுக்கு விளக்கம் தரும்போது, மேலே உள்ள விண்ணக லாட்ஜில் நுழையத் தூய வாழ்வும் நடத்தையும் இன்றியமையாதவை என்று சொல்லப்படுகிறது. “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்” என்று ஞாயிறு தோறும் கேட்கும் உங்கள் மனைவிக்கு இது எப்படிக் கேட்கும்?

உங்கள் மனைவி தரப்புப் புராட்டஸ்டண்ட் சபைகள் ஒரே குரலில் பேசவில்லை. பிரிட்டனின் மெத்தடிஸ்ட் மாநாடு 1985-ல் சேர வேண்டாம் என்று அறிவுரைத்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது மன்றம் 1987-ல், இரண்டும் ஒத்துப்போகுமா என்பதில் அடிப்படையான ஐயங்கள் உண்டு என்ற அறிக்கையை 394-க்கு 52 என்ற வாக்கில் ஏற்றது. அமெரிக்காவின் தென் பாப்டிஸ்ட் மாநாடு 1993-ல் அவரவர் மனசாட்சிக்கு விட்டது. லாட்ஜுகளும் ஒரே மாதிரி இல்லை. ஸ்வீடன் முறை லாட்ஜுகள் கிறிஸ்தவர்களை மட்டுமே சேர்க்கின்றன. நேர்மாறாக பிரான்சின் கிராண்ட் ஓரியன்ட் என்ற தலைமை அமைப்பு, 1877-ல் கடவுள் நம்பிக்கை என்ற நிபந்தனையையே எடுத்துவிட்டது. ஆகவே ‘ஃப்ரீமேசன்’ என்று மொத்தமாகப் பேசாமல், எந்தப் பெரிய லாட்ஜின் கீழ் என்று கேட்டாக வேண்டும்.

வெளியே வருவது கடினமல்ல, ஆனால் அரைகுறையாக வருபவர்களே அதிகம். சந்தாவைக் கட்டாமல் விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அது நிலுவை வைத்து நீக்கப்பட்டது, நீங்கள் விலகியது ஆகாது. நிலுவையைத் தீர்த்து, லாட்ஜ் செயலருக்குக் கடிதம் எழுதி, ஏற்றதற்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். ராயல் ஆர்ச், மார்க் போன்ற பக்கக் கிளைகளில் சேர்ந்திருந்தால் அவை தனி உறுப்பினர் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம் வேண்டும், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இன்னொன்று: ராஜினாமா உறுப்பினர் பதவியை மட்டும் முடிக்கும். உங்கள் ஆணை அப்படியே இருப்பதாகத்தான் அவர்கள் கருதுவார்கள். மனசாட்சிக்காக விலகுபவர், அந்த ஆணையையும் கைவிடுகிறேன் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். யோசிக்காமல் இட்ட ஆணையை உணர்ந்ததும் அறிக்கையிடச் சொல்கிறது லேவியராகமம் 5:4-5. கத்தோலிக்கர் கடிதத்தை அனுப்பிவிட்டு ஒப்புரவுக்கு (குருவிடம் பாவ அறிக்கைக்கு) போகலாம். பழைய தானியங்கி விலக்கு இப்போது இல்லாததால் அதற்குமேல் ரோம் வரை போக வேண்டியதில்லை. கைகுலுக்கும் முறையையும் கடவுச்சொல்லையும் ஊருக்கு அறிவிக்கும் கடமையும் இல்லை.

சடங்கு நூல்கள் அச்சில் விலைக்கே கிடைக்கின்றன. நண்பருடைய லாட்ஜ் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று கேட்டு, முதல் படியின் ஆணையை மனைவியோடு உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நேர்காணலுக்குப் போங்கள். உன்னத இறைவனை நம்புகிறீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்று சொல்லிவிட்டு, உள்ளே ஜெபிக்கும்போது இயேசுவின் பெயரைச் சொல்லலாமா என்று நீங்களும் கேளுங்கள்.