பிள்ளையாருக்கு கூலிங் கிளாஸ் மாட்டினா தெய்வ நிந்தனையா?

கேள்வி: அக்கா, பத்தாவது படிக்கிற என் பையன் சதுர்த்தி அன்னைக்கு வீட்ல வெச்ச களிமண் பிள்ளையாருக்கு அவனோட கூலிங் கிளாஸை மாட்டி போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுட்டான், "மாஸ் என்ட்ரி"ன்னு கேப்ஷன் வேற. என் மாமியார் பாத்துட்டு தெய்வ நிந்தனைன்னு ஒரே அழுகை, ரெண்டு நாளா அவன்கூட பேசல. என் வீட்டுக்காரர் "சும்மா குசும்பும்மா"ன்னு முடிச்சுட்டார். எந்த வார்த்தை சரி? நான் யார் பக்கம் பேசறது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: தங்கச்சி, உங்க லெட்டரைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்ச கையோட கன்னத்துலயும் போட்டுக்கிட்டேன். குன்றிமணிக் கண்ணு மேல கூலிங் கிளாஸ், பின்னாடி கலர் பேப்பர் குடை, நினைச்சுப் பாத்தா நானே ஒரு லைக் போட்டிருப்பேன் போல.

ஆனா உங்க மாமியார் எடுத்த வார்த்தை ரொம்ப வெயிட்டான வார்த்தை. இகழணும், கேவலப்படுத்தணும்னு மனசுல வெச்சுக்கிட்டு செஞ்சாதான் நிந்தனை. கிறிஸ்தவங்க தேவதூஷணம்னு சொல்றதும் இதே எடைதான் (இலங்கைல வெறும் தூஷணம்னா கெட்ட வார்த்தை, அங்க போய் மாத்தி சொல்லி மாட்டிக்காதீங்க). சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் பாக்குது, இந்திய தண்டனைச் சட்டத்துல 1927ல வந்த 295ஏ பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 299, வேணும்னே கெட்ட எண்ணத்தோட மதத்தை அவமதிச்சாதான் குத்தம்ங்குது. ஒரு பத்தாங்கிளாஸ் பையனோட மாஸ் என்ட்ரி அதுல எங்க வருது சொல்லுங்க.

அதுக்காக "வெறும் மண்ணு பொம்மைதானே"ன்னு உங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சா அதையும் ஒத்துக்காதீங்க. 1953 மே மாசம் திருச்சி டவுன்ஹால் மைதானத்துல பெரியார் களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைச்சார் இல்லையா, அதுல ஒருத்தர் கேஸ் போட்டார், அது கோயில்ல வெச்சு கும்பிட்ட சிலை இல்லையே, புனிதப் பொருள்னு எப்படி சொல்றதுன்னு கீழ இருந்த கோர்ட்டுங்க தள்ளிடுச்சு. 1958ல சுப்ரீம் கோர்ட் அந்தப் பார்வை ரொம்பக் குறுகலா இருக்கு, கோயில்ல இல்லாட்டியும் ஒரு கூட்டம் புனிதம்னு நினைக்கிற பொருள் புனிதப் பொருள்தான்னு சொல்லிச்சு, ஆனா இத்தனை வருஷம் ஓடிப்போச்சேன்னு அப்பீலை மட்டும் தள்ளிட்டாங்க. அப்ப பொம்மையா சாமியாங்கறது கும்பிடறவங்க மனசைப் பொறுத்தது.

இன்னொண்ணு, சாமிகிட்ட வாயாடறது நம்ம ஊர்ல புதுசா என்ன? சுந்தரர் சிவனைப் பித்தன்னு திட்டினார், அந்த வார்த்தையிலயே பாட்டை ஆரம்பின்னு சிவனே எடுத்துக் குடுத்தாராம். கண்ணு போனப்புறம் திருவாரூர்ல போய் நின்னு "வாழ்ந்து போதீரே"ன்னு பாடினார் பாருங்க, நாங்க இப்படிக் கெடக்கோம், நீங்க நல்லா இருங்க சாமின்னு, நம்ம வீட்டுப் பெரிசுங்க கோவத்துல "நல்லா இருப்பா நீ"ன்னு சொல்ற அதே டோன்! காளமேகப் புலவர் இன்னும் ஒரு படி மேல, பெருமாளே உனக்கு பத்துப் பிறப்பு, சிவனுக்கு ஒண்ணுமே இல்ல, எனக்கு எண்ணி மாளாது, அப்ப நான்தானே பெரியவன்னு கேட்டுட்டார். இப்படி திட்டற மாதிரியே புகழறதுக்கு நிந்தாஸ்துதின்னு தனிப் பேரே இருக்கு. நெல்லைப் பக்கம் சேரன்மகாதேவியில மழை பொய்ச்சா பிள்ளையார் மேல மிளகை அரைச்சுப் பூசறாங்க, அவரை யாரும் அவமானப்படுத்தினதா நினைக்கறதில்ல.

அப்ப உங்க பையன் செஞ்சதுக்கு என்ன பேரு? என்னைக் கேட்டா அபசாரம். நிந்தனையை விட சின்னது, குசும்பை விட கொஞ்சம் பெருசு. தெரியாம கால் பட்டாலும் அபசாரம்தான், கன்னத்துல போட்டுக்கிட்டா முடிஞ்சுது. கிராமத்துல சொல்ற சாமி குத்தம் வேற ரகம், அதுல சாமி கணக்கு வெச்சுக்கிட்டு திருப்பிக் கேக்கும், பொங்கல் வெச்சு அடைக்கணும். உங்க மாமியாருக்கு உள்ளுக்குள்ள அந்த பயமும் இருக்கலாம், பேரனுக்கு எதாவது ஆயிடுமோன்னு, கேட்டுப் பாருங்க.

வைணவத்துல அபசாரத்தையே பிரிச்சு வெச்சிருக்காங்க, பெருமாள்கிட்ட செஞ்சா பகவத் அபசாரம், அடியார்கிட்ட செஞ்சா பாகவத அபசாரம், ரெண்டாவதுதான் பெருசு, தன்னைச் சொன்னா பொறுத்துக்குவாராம், தன் பக்தரை நோகடிச்சா பொறுக்க மாட்டாராம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் இது. விடிகாலைல குளிச்சு அருகம்புல் கட்டி கொழுக்கட்டைக்கு மாவு கிளறின பாட்டி கண்ணுல தண்ணி வந்துச்சே, அதுக்குத்தான் அவன் மன்னிப்பு கேக்கணும், பிள்ளையார்கிட்ட ஒண்ணும் பாக்கி இல்ல.

நீங்க யார் பக்கமும் நின்னு தீர்ப்பு சொல்லாதீங்க. அவன்கிட்ட "பாட்டிகிட்ட போய் தப்பு பாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லுடா"ன்னு அனுப்புங்க, காரணம் விளக்குனா சண்டை நீளும். அத்தைகிட்ட தனியா, நிந்தனைங்கற வார்த்தை மட்டும் வேண்டாம் அத்தை, பையன் மனசுல அது தங்கிடும், அபசாரம்னு திட்டுங்கன்னு சொல்லிப் பாருங்க. வீட்டுக்காரரை அந்த நேரம் மட்டும் பால் வாங்க அனுப்பிடுங்க.

ஆமா, கண்ணாடியை மாட்டினது பூஜைக்கு முன்னயா பின்னயா? அதை எழுதலையே நீங்க. முன்னன்னா அத்தை இன்னும் சீக்கிரம் சமாதானம் ஆவாங்க.