ஞாயிற்றுக்கிழமை திறந்த மையம்

கேள்வி: எனக்கு 56 வயது. மகனுக்கு 24, டவுன் சிண்ட்ரோம். 11 வருடத்துக்கு முன் எங்களைப் போன்ற பெற்றோர் ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்து, வாடகை வீட்டில் பகல்நேர மையம் தொடங்கினோம். இன்று 28 பேர் வருகிறார்கள். அன்றிலிருந்து நான்தான் செயலாளர். கலெக்டர் ஆபீஸ், நன்கொடை, ஆசிரியைகள் சம்பளம், கணக்கு எல்லாம் என் தலையில். மற்ற பெற்றோர் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். கூட்டம் போட்டால் ஆறு பேர்கூட வருவதில்லை. வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் ‘இன்று ராத்திரி வரை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று போன் வரும். போன மாதம் ஒருவர் ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்று கேட்டுவிட்டார். மனசு விட்டுப்போயிற்று. மகளுக்கு வரன் அமைந்து தை மாதம் கல்யாணம். (பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை மையத்தைத் திறந்து மகனை ஆயாவோடு அங்கே இருக்க வைத்தேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவன்பாட்டுக்கு இருந்தான், தொந்தரவில்லை. ‘தம்பி வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறான்’ என்று தரகர் சொல்லிவிட்டாராம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம்.) ரிடையர்ட் ஆசிரியரான என் கணவர் பொறுப்பை விட்டுவிடு என்கிறார். விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்.

பதில்: சகோதரி, பெற்றோர் சங்கம் நடத்துகிறவர்கள் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். யாரும் வருவதில்லை, ஒருத்தியே சுமக்கிறேன், கணக்குக் கேட்டுப் புண்படுத்துகிறார்கள் என்பதுதான் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். நீங்கள் கேட்டதற்குப் பதில் சின்னது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவைத்தீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அவன் எதற்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டான்?

விடுமுறை நாளில் மையத்துக்குப் போகிறவன் பீரோவிலிருந்து புதுச்சட்டை எடுக்கமாட்டான். அக்காவைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து வீட்டைக் கழுவியது, ஜமுக்காளம் விரித்தது, சமையலறையில் கேசரி கிண்டியது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். உங்கள் மையத்தில் பித்தான் போட எப்படிக் கற்றுத்தருகிறீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரச்சட்டத்தில் துணியைக் கட்டி, பெரிய பித்தானில் தொடங்கி, சட்டைப் பித்தானுக்கு வந்து சேர மாதக்கணக்காகும். அப்படிக் கற்றுக்கொண்ட விரல்களால் ஒவ்வொரு பித்தானாகப் போட்டு, வீட்டு விசேஷத்துக்குத் தயாராக வந்து நின்றிருக்கிறான். நீங்கள் அவனை ஆட்டோவில் ஏற்றிப் பூட்டியிருந்த மையத்துக்கு அனுப்பினீர்கள். அது உங்களுக்குத் ‘தொந்தரவில்லை’ என்று தோன்றுகிறது. அவனைக் கேட்டீர்களா?

என் தாத்தா வீட்டிலும் ஒருவர் இருந்தார். தாத்தாவின் தம்பி. நாங்கள் சின்னத்தாத்தா என்போம். பேச்சு நாலைந்து வார்த்தைதான். வீட்டில் கல்யாணம் என்றால் அவருக்கு மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் பாய் போட்டு, வெளியே நாதாங்கி போட்டுவிடுவார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கிற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து ‘பாயசம், பாயசம்’ என்பார். எனக்கு அப்போது எட்டு வயது. டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடிய என்னை, சம்பந்தி வீட்டார் பார்த்துவிடுவார்கள் என்று பெரியத்தை கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். பாயசம் என் பாவாடையில் கொட்டியது. அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வழி தெரியாது என்று பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. பிள்ளைகளை மறைக்காதீர்கள், கோயிலுக்கும் கடைக்கும் கூட்டிக்கொண்டு போங்கள் என்று 11 வருடமாக ஊருக்குச் சொல்கிறவர் நீங்கள்.

‘இன்று ராத்திரி வரை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று போன் செய்கிற பெற்றோரும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் உங்களிடம் கெஞ்ச வேண்டும். உங்கள் கையில் சாவி இருந்ததால் உங்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவே வித்தியாசம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆயாவின் கூலியைச் சொந்தப் பணத்தில் கொடுத்தீர்களா, சங்கத்தின் பணத்திலா? கணக்குக் கேட்டதற்கு மனம் விட்டுப்போகிறவர் இந்தக் கேள்விக்காவது தனக்குள் பதில் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இனி மகளுக்கு வருகிறேன். பிள்ளையைப் பெற்ற ஒவ்வொருவரின் நெஞ்சிலும் இருக்கும் கேள்வி, ‘எனக்குப் பிறகு யார்?’ உங்கள் சங்கமும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்திருக்கும். 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்ததும் அதற்காகத்தான். 18 வயது முடிந்தவனுக்குப் பெற்றோர் என்பதாலேயே நீங்கள் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து நியமனம் வாங்க வேண்டும். கலெக்டர், பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று மூன்று பேர் அதில் உட்காருவார்கள். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வருடாவருடம் கணக்குக் கொடுக்க வேண்டும். பெற்ற தாயிடமே சட்டம் கணக்குக் கேட்கிறது, சகோதரி.

நாளை உங்களுக்குப் பிறகு அந்தக் குழுவின் முன் போய் நிற்க வேண்டியவள் உங்கள் மகள். தன் தம்பி ஹாஸ்டலில் படிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருக்கிற வீட்டிலிருந்து அவள் எப்படிக் கிளம்பி வருவாள்? மாமியாரிடம் என்ன சொல்லிவிட்டு வருவாள்? உங்கள் கடிதத்தில் வரன், தரகர், கணவர், ஆயா எல்லோரும் வருகிறார்கள். மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவள் 24 வருடம் அவனோடு வளர்ந்தவள். தம்பியை ஆட்டோவில் ஏற்றியபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். உங்கள் நல்லெண்ணத்தால் அவள் வாயை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

கூடப்பிறந்தவள் அவனைத் தன் வீட்டில் வைத்துத்தான் காலம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லிப் பல பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறோம். ஆனால் அவன் பணம் எங்கே இருக்கிறது, எந்த டாக்டர் பார்க்கிறார், யார் கையெழுத்துப் போடுவது என்பதெல்லாம் தெரிந்து, அவனுக்கு ஒன்றென்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவது கூடப்பிறந்தவள் கடமை. அந்தக் கடமையில் அவளுக்குத் துணை நிற்கக்கூடியவனா என்று பார்த்துத்தான் மாப்பிள்ளை முடிவு செய்ய வேண்டும். நீங்கள் அதைப் பார்க்கவே வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். ‘பிறகு சொல்லிக்கொள்ளலாம்’ என்கிறீர்கள். எப்போது? மணவறையில் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட மைத்துனனைக் கூப்பிடுவார்களே, அப்போதா?

பரம்பரை வியாதி என்று நினைத்துவிடுவார்களோ என்பது உங்கள் பயமாக இருக்கும். அந்தப் பயத்துக்கு மருந்து உண்மையைச் சொல்வதுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் அளவுக்கு, 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது தற்செயலாக நேர்வது. அது குடும்பத்தில் வழிவழியாக வருவதில்லை. டிரான்ஸ்லொகேஷன் என்று ஒரு சிறு வகை உண்டு. அதில் மட்டும் சில சமயம் தாயோ தகப்பனோ கடத்தியிருக்கலாம். உங்கள் மகன் எந்த வகை என்பது குரோமோசோம் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். பழைய ஃபைலில் தேடுங்கள். இல்லாவிட்டால் இப்போது எடுங்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து மரபியல் டாக்டர் முன் உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் கணவர் பொறுப்பை விடு என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு வேலை செய்யட்டும். அரசுப் பணியில் ஓய்வு பெற்றவர் என்றால், சம்பாதித்துப் பிழைக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க விதியிருக்கிறது. தன் பென்ஷன் ஆவணங்களில் மகனின் பெயர் இருக்கிறதா, மருத்துவச் சான்று சரியாக இருக்கிறதா என்று கருவூலத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடும் ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. மையத்துக்கு வருகிற 28 பேருக்கும் நீங்களே போட்டிருப்பீர்கள். உங்கள் மகனுக்குப் புதுப்பித்தீர்களா?

பொறுப்பை விடுவதா என்று கேட்டீர்கள். விடுங்கள், ஆனால் இப்படி மனம் வெறுத்து விடாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது. திரும்பவும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் 11 வருடத்தில் அது எத்தனை தடவை உண்மையாக நடந்தது என்று நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். பொதுக்குழுவைக் கூட்டுங்கள். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டவரைப் பொருளாளராகப் போடச் சொல்லுங்கள். கணக்கில் அக்கறை உள்ளவர் என்று அவரே காட்டிக்கொடுத்துவிட்டார். சாவிக்கு இன்னொரு சாவி செய்து வேறு ஒரு வீட்டில் கொடுங்கள். மையத்துக்கு வருகிறவர்களின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளை உறுப்பினராகச் சேருங்கள். உங்கள் மகளைத் தொட்டுத் தொடங்குங்கள். இதெல்லாம் செய்ய ஆறு மாதம் ஆகும். அதன் பிறகு விலகினால் நான் குறை சொல்லமாட்டேன்.

அந்தக் கூட்டத்தில் வந்தது ஆறு பேரோ, அறுபது பேரோ, அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் என்பதை எழுந்து நின்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவர்கள் மாறுவார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொல்லாமல் இன்னொரு பெற்றோரை நீங்கள் கண்டிக்க முடியாது.

கூட்டத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீடு. தரகரை அனுப்ப வேண்டாம், போனிலும் வேண்டாம். இன்று ராத்திரி மகளிடம் பேசுங்கள். அவள் சரியென்றதும் நீங்கள், உங்கள் கணவர், மகள், மகன் நாலு பேரும் கிளம்புங்கள். வரன் தட்டிப்போனால் போகட்டும். பெரியவர்கள் சங்கடப்பட்டு ஏதாவது சொல்லக்கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஹாஸ்டலில் இருக்கிறான் என்றது பொய், இவன்தான் என் பிள்ளை’ என்று நீங்களே சொல்லுங்கள். கிளம்புகிற அன்று காலையில் அவனை அவசரப்படுத்தாதீர்கள். பித்தான் போட அவனுக்குக் கொஞ்ச நேரமாகும்.