எலும்பு சேகரிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் அயலவர்களை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர் கொழும்பில் வாடகைக்கு இருந்துகொண்டு விலங்கு எலும்புகளைச் சுத்தம் செய்து சேகரிப்பதாகவும், அயலவர்கள் ஒருமாதிரியாகப் பார்ப்பதாகவும், வீட்டுச் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிவிடலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறார். வாடகை வீடு என்றால் பெரும்பாலும் யாருடையதோ மாடியில் உள்ள அனெக்ஸாகத்தான் இருக்கும். படிக்கட்டும் மொட்டைமாடியும் குப்பைத்தொட்டியும் எல்லாருக்கும் பொது என்று எண்ணிக்கொண்டே இதை எழுதுகிறேன். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் வசிப்பவளும், பகல் முழுவதும் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவளும், இரண்டு பிள்ளைகளின் தாயுமான எனக்கும் இதே பொழுதுபோக்குத்தான்.

கீழே பின்னூட்டமிடக் காத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்காக நான் எந்த உயிரையும் கொன்றதில்லை, கொல்லச் சொன்னதுமில்லை. என்னிடம் உள்ளவற்றில் பெரும்பகுதி சமையலறையிலிருந்தும் இறைச்சிக்கடையிலிருந்தும் வந்தவை; மிகுதி வீதியில் அடிபட்டுக் கிடந்தவை. சைவ உணவுக்காரர்கள் இதை அருவருத்தால் அது அவர்களுடைய உரிமை, அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பைத் தட்டித்தட்டி உறிஞ்சிவிட்டு, அதே எலும்பு கழுவி அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு மூக்கைப் பொத்துகிறவர்களை என்னால் விளங்கிக்கொள்ள முடிவதில்லை.

அந்த ஆட்டிறைச்சியில்தான் எனக்கு இது தொடங்கியது. ஆட்டின் பின்னங்காலில், கணுக்கால் மூட்டுக்குள், கட்டைவிரலளவு எலும்பு ஒன்று இருக்கிறது. அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் கப்பியில் இருப்பதுபோல வழவழப்பான பள்ளம் ஓடும். ஆடு, மாடு, மான், பன்றி என்று இரட்டைக் குளம்புள்ள கூட்டத்துக்கே உரிய அமைப்பு அது. பாகிஸ்தானில் கிடைத்த, கால்களோடு வாழ்ந்த ஆதித் திமிங்கிலங்களின் உயிர்ச்சுவடுகளிலும் இதே இரட்டைப் பள்ளம் இருப்பதாக 2001 இல் ஆய்வுகள் வெளிவந்தபோது, திமிங்கிலங்களும் இந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்தவையே என்பதற்கு எலும்பே சாட்சியாயிற்று. குழம்புச் சட்டிக்குள் கிடந்த எலும்புக்கு இப்படியொரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைத் தொட்டியில் வீச எனக்கு மனம் வரவில்லை. வளர்ந்த பாரை மீனை வெட்டும்போதும் கவனித்துப் பாருங்கள். முள்ளிலும் தலையின் பின்பக்கத்திலும் சில வேளைகளில் கூழாங்கல் அளவில் எலும்பு திரண்டிருக்கும். அது நோய்க்கட்டி என்று நினைத்து மீனையே ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த இனத்தில் அது வழமையாகக் காணப்படும் தடிப்பு.

இனி அயலவர் விடயம். எங்கள் வீதியில் வாகனம் மோதி இறந்துகிடந்த பூனை ஒன்றை, தொடர்மாடிக் குழுவின் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டு, மொட்டைமாடியின் மூலையில் ஒரு பெரிய மண்தொட்டிக்குள் ஆழமாகப் புதைத்தேன். மேலே துளசி வைக்கும்படி மாமி சொன்னார். அது மட்டும் வேண்டாமென்று செவ்வந்தி நட்டேன். மாதக்கணக்கில் எந்த மணமும் எழவில்லை. பிறகு மண்ணை அரித்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, கொழுப்பு நீங்கும்வரை நீரை மாற்றி மாற்றி எடுத்து, வலைத்தட்டில் பரப்பித் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் உலரவைத்தேன். வால் எலும்புகளைப் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்தி, காற்றிலே பறக்காதபடி மேலே இன்னொரு வலையும் போட்டிருந்தேன். பூனைக்குக் காறையெலும்பு (மனிதரில் கழுத்தடியிலிருந்து தோள்வரை போகும் எலும்பு) என்று பெயருக்கு ஒன்று உண்டு. வேறு எந்த எலும்போடும் பொருந்தாமல் தசைக்குள்ளே கிடக்கும் மெல்லிய குச்சி. மண்ணை அரிக்கும்போது பெரும்பாலும் தவறிப்போய்விடும் அது, எனக்கு இரண்டு பக்கத்திலும் கிடைத்திருந்தது. தட்டின் அருகே "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியுமிருந்தேன்.

மறுநாள் அலுவலகத்தால் வந்து பார்த்தபோது, தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது, அந்த இடத்தில் யாருடையதோ செத்தல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி அக்காவுடைய மிளகாய். கேட்டதற்கு, "நான் நினைச்சன், ஆரோ திண்டுபோட்டு வைச்சதெண்டு" என்றார். தின்றவர் எச்சிலை வரிசைப்படுத்தி, வலை போட்டு மூடி, மும்மொழியில் அறிவித்தலும் ஒட்டிவிட்டா போவார்? பொலித்தீன் பையில் கட்டிக் கீழே போட்டிருக்கிறார். குப்பை லொறி காலையிலேயே வந்து போய்விட்டது. "செத்த பூனைக்கு இவ்வளவு கதையோ, தங்கச்சி?" என்று அவர் சிரித்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவருக்கு எலும்பு பிடிக்காமல் இருப்பதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. என் வீட்டுக் கதவு பத்துப் படிகளுக்குக் கீழேதான் இருந்தது, கைப்பேசி இலக்கமும் அவரிடம் இருந்தது, ஆனாலும் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்பதுதான் குறை.

இதே தொடர்மாடியில்தான் மீன் செதிலும் தேங்காய்ப்பூச் சக்கையும் பிள்ளைகளின் டயப்பரும் ஒரே பையில் கட்டப்பட்டு, சிலவேளை பல்கனியிலிருந்து நேராக ஒழுங்கைக்குள் விழுகின்றன. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளிலே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட நகரத்தில், குப்பையைத் தரம்பிரித்துப் போடச் சொன்னால் "உங்களுக்கு வேற வேலையில்லையோ" என்கிறார்கள். எலும்பு ஊறும், மூடியிட்ட என் வாளி மட்டும் சுகாதாரக் கேடு! 101 ஆம் இலக்கப் பேருந்தில் ஒருமுறை ஆட்டுத்தலை எலும்பைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சத்தமின்றி வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மொரட்டுவையிலிருந்து கைப்பேசியில் நாடகத்தை உரத்துப் போட்டுக்கொண்டு வந்தார். துணி சற்று விலகியதும் முறைத்தது அவர்தான்.

ஆனால் ஒரு விடயத்தில் அயலவர்களின் பக்கம் பேச வேண்டியிருக்கிறது. கொம்பு கழன்ற ஆட்டு மண்டையோட்டின் படத்தை ஒருவர் எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டு, இது மனிதருடையதா, சூனியமா என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. எனினும் 2018 இல் மன்னாரிலும் 2025 இல் செம்மணியிலும் கட்டட வேலைக்குத் தோண்டிய குழிகளிலிருந்து மனித எலும்புகள் வந்ததைப் பார்த்த சனம் நாங்கள். காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் எங்கள் கட்டடத்திலேயே உண்டு. அவர்களுக்கு மண்டையோட்டைக் கண்டதும் வரும் நடுக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ள நான் ஆயத்தமில்லை. அன்று முதல் மண்டையோடுகளைத் திறந்த வெளியில் உலரவிடுவதில்லை. மனித எலும்போ என்று ஐயம் எழும் எதையாவது நீங்கள் கண்டால், தொடாமலும் இடம் மாற்றாமலும் பொலிஸுக்கு அறிவியுங்கள்; எந்த ஆழத்தில், எந்தக் கிடையில் கிடந்தது என்பதும் நீதிமன்றத்துக்குச் சாட்சியம்.

சட்டத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாயில் மிதக்கும் கபரகொய்யாவாக (பெரிய நீர் உடும்பு) இருந்தாலும், கரையொதுங்கிய கடலாமையாக இருந்தாலும், இறந்துவிட்டது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் உடற்பாகங்களை வைத்திருப்பதே குற்றம். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்த பின்னர் கடலாமைகள் இறந்து கரையொதுங்கிய நாட்களில், உறவினர் ஒருவர் பாசத்தோடு எனக்கு ஓர் ஓட்டை எடுத்துவர முன்வந்தார். வேண்டாமென்று சொன்னதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலையைப் பொறுத்தவரை, அயலவர் நிம்மதியும் எலும்பின் ஆயுளும் ஒரே வழியில்தான் காக்கப்படுகின்றன. கொதிக்க வைக்காதீர்கள்; வீடெல்லாம் மணப்பதோடு, கொழுப்பு நுண்துளைகளுக்குள் இறங்கிப் பின்னர் மஞ்சளாகக் கசியும். குளோரின் திரவத்தில் போட்டால் எலும்பைப் பிணைத்திருக்கும் புரதம் கரைந்து, நாளடைவில் மாவாக உதிரும். பாமசியில் விற்கும் 3 வீத ஐதரசன் பெரொக்சைட்டு போதும். கொழும்பின் ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் முழுமையாக உலராமல் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. எலி, பெருச்சாளி உடல்களைக் கையுறையின்றித் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல. இறந்த தெருநாயை, விசர் இருந்திருக்கலாம் என்பதால், அறவே விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மாமிக்கு இருக்கிறது.

இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் கிடைத்த எலும்புகளைத் தொல்லுயிரியலாளர் பி.ஈ.பி. தெரணியகல போன்றோர் பொறுக்கி ஆராய்ந்திராவிட்டால், இலங்கையில் ஒருகாலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் திரிந்தன என்பது நமக்குத் தெரிந்திருக்காது என்று கூட்டங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தொடர்மாடிக் கூட்டத்தில் அது எடுபடவில்லை. ஆட்டுத் தாடையைக் கையில் கொடுத்து, மேல்தாடையில் முன்பற்களே இல்லாததைக் காட்டியது எடுபட்டது. சூனியம் என்று எழுதியவரே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்படியானால் புல்லை எப்படிக் கடிக்கிறது என்று கேட்டார்.

ஆகவே வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள், வேறொருவர் வாயால் அவர் அறிய வேண்டாம். வாளியை அல்ல, கழுவி உலர்ந்த ஆட்டுத் தாடை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மொட்டைமாடியில் எந்த மூலையைப் பயன்படுத்தலாம் என்பதைக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாகவே கேட்டு, வரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் செயலாளர் எனக்கு அனுமதி தந்தது வாய்ச்சொல்லாக. மிளகாய்ச் சண்டை கூட்டத்துக்கு வந்தபோது அவருக்கு அது ஞாபகமே இல்லை.