கிராஃப்டில் காசநோய்: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. பெருந்தமனி வீக்கத்துக்காக இரண்டு வருடம் முன்பு, வயிற்றிலிருந்து தொடைவரை செயற்கை ரத்தக்குழாய் (கிராஃப்ட்) வைத்தார்கள். சில மாதங்களாக மாலைக் காய்ச்சல், எடை குறைவு, தொடை இடுக்கில் ஆறாத புண், சீழ். கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. இப்போது திசுப் பரிசோதனையில் காசநோய் என்கிறார்கள். மாத்திரையிலேயே சரியாகுமா? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினும் சாப்பிடுகிறார்.

பதில்: மாத்திரை கட்டாயம் வேண்டும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அது மட்டும் போதாது. கிராஃப்ட் என்பது துணி போன்ற செயற்கைப் பொருள். குழாய் வழியே ரத்தம் ஓடினாலும் அந்தத் துணிச் சுவருக்குள் ரத்த ஓட்டம் கிடையாது என்பதால் ஒட்டிக்கொண்ட கிருமியை மருந்து எட்டுவது கடினம். அதைவிடப் பெரிய கவலை, கிராஃப்டைத் தமனியோடு தைத்த இடம். கிருமி அங்கே அரித்துவிட்டால் ரத்தம் கசிந்து பக்கத்தில் பை போல வீங்கும், ஒருநாள் வெடிக்கவும் கூடும். மருந்து கிருமியைக் கொல்லும். நைந்துபோன சுவரைத் தைத்துக் கொடுக்காது.

அதனால் உடல் தாங்கும் என்றால், கிராஃப்டை எடுத்து, சுற்றியுள்ள கெட்ட திசுவைச் சுத்தம் செய்து, புதுப் பாதை அமைப்பதையே நான் சொல்வேன். அவருடைய தொடையின் ஆழமான சிரையையே பயன்படுத்தலாம், இறந்தவர் தானமளித்த தமனியை வைக்கலாம், அல்லது அக்குளிலிருந்து தொடைக்கு வேறு வழியில் குழாய் போடலாம். அறுவை சிகிச்சை தாங்காதவர்களுக்கு மருந்தோடு அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பார்கள். புண்ணிலிருந்து சிறிது ரத்தம் வந்தாலும், ரத்த வாந்தி வந்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கல்ச்சரில் வளராததில் ஆச்சரியமில்லை. சாதாரண கல்ச்சரைச் சில நாள்தான் வைத்துப் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமி வளர வாரக்கணக்கில் ஆகும். 6 முதல் 8 வாரம் வைக்கும் டிபி கல்ச்சரைத் தனியாகக் கேட்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனை, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி மசியுமா என்பதையும் சுமார் 2 மணி நேரத்தில் காட்டும். ஆபரேஷனில் எடுக்கும் துண்டுகள் அத்தனையையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அப்புறம் கல்ச்சருக்கு வழியில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு எப்போதாவது பிசிஜி மருந்து (வலுவிழக்கச் செய்த, காசநோய் இனத்துக் கிருமி) செலுத்தியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த வகைக் கிருமி, காசநோய் மருந்துகளில் ஒன்றான பைரசினமைடுக்கு அடங்காது.

மருந்து முதலில் 2 மாதம் நான்கு, பிறகு ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும். நுரையீரல் காசநோய்க்கு 6 மாதம் போதும். இங்கே பொதுவாக 9 முதல் 12 மாதம் கொடுப்பார்கள். பழைய கிராஃப்ட் உள்ளேயே இருந்தால் இன்னும் நீளும்.

வார்ஃபரின் விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். ரிஃபாம்பிசின் அதைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அளவு) இறங்கும், வார்ஃபரின் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டியும் வரலாம். தொடக்கத்தில் வாரம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை தேவை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்ற மாத்திரைகளான அபிக்ஸபான், ரிவரோக்ஸபானுக்கு மாறினாலும் இதே சிக்கல்தான். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகு நிலைமை தலைகீழாகும். கூட்டிவைத்த அளவிலேயே தொடர்ந்தால் சில வாரங்களில் ஐஎன்ஆர் எகிறி ரத்தக்கசிவு வரலாம். அதனால் கடைசி மாத்திரை எழுதித் தரும் அன்றே, அடுத்த ஐஎன்ஆர் தேதிகளையும் டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.