மணி இல்லாத மணிப்பாட்டு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கிறிஸ்துமஸ் சமயத்தில் கேட்கும் 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' உக்ரைன் பாட்டு என்கிறார்களே, அப்படியா?

பதில்: ஆமாம். மிகோலா லியொன்டோவிச் சேர்ந்திசைக்கு அமைத்த 'ஷெட்ரிக்' என்ற நாட்டுப்பாடல் அது. மூலத்தில் மணியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை. தகைவிலான் குருவி ஒன்று பறந்து வந்து, தொழுவத்தில் ஆடு குட்டி போட்டிருப்பதைப் போய்ப் பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்கிறது. புத்தாண்டு வாழ்த்துதான். பனிக்காலத்தில் குருவி ஏது என்று கேட்கலாம். அங்கே முன்பு வசந்தத்தில்தான் ஆண்டு பிறந்தது. 1916 டிசம்பரில் கீவ் பல்கலைக்கழக மாணவர் குழு முதலில் பாடியது, நடத்தியவர் ஒலெக்சாண்டர் கோஷிட்ஸ். 1922 அக்டோபர் 5 அன்று நியூயார்க் கார்னெகி ஹாலில் ஒலிக்கச் செய்தவரும் அவரே. மணியைக் கொண்டுவந்தது 1936-இல் பீட்டர் வில்ஹௌஸ்கி எழுதிய ஆங்கில வரிகள்.

கேள்வி: எங்கள் குழு இதைப் பாடினால், முடிவதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: பாட்டு முழுக்கச் சுற்றி வருவது நான்கே சுரங்கள்: 'க ரி க ஸ'. காந்தாரம் சாதாரணம், ரிஷபம் சதுஸ்ருதி, இடைவெளி அரைச்சுரம்தான். ரிஷபத்தைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துவிட்டு, காந்தாரத்துக்கு முழுதாக ஏறாமல் விடுவதுதான் கோளாறு. ஒரு சுற்றில் தெரியாது. இருபது சுற்றில் குழுவே கீழே போயிருக்கும். சொல்லை விட்டுவிட்டு 'ஊ' என்று பாதி வேகத்தில் பாடுங்கள். நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஸட்ஜத்தைக் கீபோர்டில் சரிபாருங்கள்.

தாளத்திலும் ஒரு பொறி உண்டு. எழுதியிருப்பது 3/4, அதாவது சுற்றுக்கு மூன்று அடி; நடு அடி மட்டும் இரண்டாக உடைகிறது. கவனம் தப்பினால் 6/8 போல, மும்மூன்றாக இரண்டு வீச்சில், ஆட ஆரம்பித்து ஓட்டம் பிடிக்கும். மூச்சை எல்லோரும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பாடும்போது நீங்கள் எடுங்கள். சோப்ரானோ (உச்சப் பெண்குரல்) தனியே தொடங்கி மற்ற குரல்கள் பிறகு சேர்வதால், ஆரம்பத்திலேயே உரக்கப் பாடினால் வளர இடமிருக்காது.

கேள்வி: லியொன்டோவிச் வேறென்ன எழுதினார்?

பதில்: நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுப்பாடல் சேர்ந்திசைகள். 'டூடாரிக்' கட்டாயம் கேட்க வேண்டியது; 'ஷெட்ரிக்' புகழில் மறைந்துபோனது அநியாயம். பிழைப்புக்குப் பள்ளி ஆசிரியர், பல ஆண்டுகள் துல்சினில். 1921 ஜனவரி 23 அன்று மார்கிவ்காவில் தந்தை வீட்டில், இரவு தங்க இடம் கேட்டு வந்த சேக்கா (சோவியத் ரகசியப் போலீஸ்) உளவாளி அவரைச் சுட்டுக் கொன்றான். வயது 43. அரைகுறையாக நின்ற அவருடைய ஓபராவைப் பின்னாளில் மிரோஸ்லாவ் ஸ்கோரிக் முடித்தார்.